கடத்திக் காளையைக் கழித்துவிடுவதா, கணக்குப் பார்த்துச் சேர்ப்பதா?

பட்டிக்காவலன்:
ஒரு பொலிகாளை மரபுக் குறைபாட்டின் கடத்தி (தனக்கு நோயில்லாமலேயே குறைபாட்டு மரபணுவைச் சுமந்து கன்றுகளுக்குத் தருவது) என்று சோதனையில் உறுதியான பிறகும் அதன் உறைவிந்தை விற்கலாம் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1952இல் பிறந்த ஆஸ்பார்ன்டேல் ஐவன்ஹோ என்ற ஹோல்ஸ்டீன் (பால் மாட்டினம்) காளையின் வழியில் 'பிளாட்' என்னும் குறைபாடு உலகெங்கும் பரவியது. வெள்ளையணுக்களால் இரத்தக்குழாயை விட்டு வெளியேறிக் கிருமி புகுந்த இடத்தைச் சென்றடைய முடியாது என்பதுதான் அதன் அடிப்படை. அப்படிப் பிறக்கும் கன்றுக்கு ஈறு புண்ணாகும், கழிச்சலும் நுரையீரல் அழற்சியும் மாறி மாறி வரும், எத்தனை ஊசி போட்டாலும் தேறாது. பெரும்பாலானவை ஒரு வயதைத் தாண்டுவதில்லை. காரணமான மரபணு மாற்றம் 1990களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டபோது, ஐவன்ஹோவின் பேரனான பெல் என்ற புகழ்பெற்ற காளையின் வழியாக அது மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. விந்து நிலையங்கள் கடத்திகளைக் கழித்த பிறகுதான் அந்நோய் அடங்கியது.

மரபியல் மாணவி:
பிளாட் அடங்கியது உண்மைதான் ஐயா, ஆனால் அது ஒரே ஒரு குறைபாடு. ஏறத்தாழ ஒவ்வொரு மாடும் கேடான ஒடுங்கு மரபணுக்கள் (தாய், தந்தை இருபுறமிருந்தும் வந்தால் மட்டுமே குறையை வெளிப்படுத்துபவை) சிலவற்றைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது. சோதனைப் பட்டியல் நீள நீள, எந்தக் குறையும் இல்லாத காளை அரிதாகிக்கொண்டே போகும். எஞ்சும் சில காளைகளை மட்டும் வைத்து இனத்தைப் பெருக்கினால் நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே சேர்க்கை நடந்து, இன்று நமக்குப் பெயரே தெரியாத குறைபாடுகள் நாளை வெளிப்படும்.

1962இல் பிறந்த சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் காளையை எண்ணிப் பாருங்கள். தாய், தந்தை இருபுறமிருந்தும் வந்தால் கருவைக் கொல்லும் மரபணு மாற்றம் ஒன்று அதனிடம் இருந்தது. அதனால் உலகளவில் சுமார் 5,25,000 கருக்கள் கலைந்ததாகவும், இழப்பு 42 கோடி டாலர் என்றும் 2016இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதே காளையால் கூடிய பால் வளத்தின் மதிப்போ ஏறத்தாழ 3,000 கோடி டாலர். அன்றே சோதனை இருந்து, நீங்கள் சொல்லும் விதியும் இருந்திருந்தால், சீஃப் இறைச்சிக்கூடத்திற்குத்தான் போயிருக்கும்.

பட்டிக்காவலன்:
டாலர் கணக்கு இனத்திற்குப் பொருந்தும். இரண்டு மாடு வைத்திருப்பவருக்குப் பொருந்தாது. கரு இளம் பருவத்திலேயே கலைந்துவிட்டால் அவர் கண்ணுக்குத் தெரிவது மாடு மறுபடியும் பருவத்திற்கு வருவது மட்டுமே. தீவனத்தைக் குறை சொல்வார், சினை ஊசி போட்டவரைக் குறை சொல்வார், தாது உப்பு வாங்கிக் கொடுப்பார். தன் மாட்டின் தந்தை யார் என்ற பதிவே இல்லாதவரிடம் 'கணக்குப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்பது பொறுப்பைத் தட்டிக் கழிப்பதாகும்.

ஈற்றுப்பதிவேடு:
இருவரும் பசுவையும் காளையையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறீர்கள். கடத்திப் பசு வாழ்நாளில் ஈனுவது சில கன்றுகளே. அதைக் குறைபாடற்ற காளையோடு மட்டும் சேர்த்தால் நோயுற்ற கன்று பிறக்கவே பிறக்காது, கன்றுகளில் சராசரியாகப் பாதி மட்டுமே கடத்தியாக இருக்கும், மறுபாதி அதுவும் இராது. நல்ல பசுவைக் கழிக்க வேண்டிய தேவையே இல்லை.

காளையின் கணக்கு வேறு. மந்தையில் பத்துக்கு ஒரு பசு கடத்தி என்று வைத்துக்கொண்டால், கடத்திக் காளையை எந்தப் பசுவையும் சோதிக்காமல் பயன்படுத்தும்போது நாற்பதில் ஒரு கன்று நோயோடு உருவாகும். அதே காளையை அதன் மகள்களோடே சேர்த்தால் எட்டில் ஒன்று. ஆகவே, மிகச் சிறந்த கடத்திக் காளையை, சோதிக்கப்பட்ட குறைபாடற்ற பசுக்களுக்கு மட்டும் பயன்படுத்தி, குறைபாடில்லாத மகன் ஒன்று கிடைத்ததும் தந்தையை நிறுத்திவிடுவதே என் பரிந்துரை. 1950களில் ஹெரிஃபோர்டு என்ற இறைச்சி மாட்டினத்தில் குள்ளக் கன்றுகள் பெருகியபோது மரபணுச் சோதனை இல்லாததால், சந்தேகத்தின் பேரில் வம்சம் வம்சமாகக் கழித்தார்கள்; அவற்றில் குறையே இல்லாதவையும் ஏராளமாகப் போயின. அன்று ஒரு காளையை 95 விழுக்காடு உறுதியோடு குறையற்றது என்று சொல்ல, கடத்தி என்று தெரிந்த பசுக்களிடம் தொடர்ந்து பதினொரு நல்ல கன்றுகள் பிறந்தாக வேண்டும். இன்று வேரோடு பிடுங்கிய சில வால் மயிர்களே போதும்.

பட்டிக்காவலன்:
சோதித்த பசுக்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையை விற்பவர் எழுத்தில் ஏற்றால் எனக்கு மறுப்பில்லை. காளைப் பட்டியல்களில் பெயருக்குப் பின்னால் 'பிஎல்' என்றிருந்தால் பிளாட் கடத்தி, 'டிஎல்' என்றிருந்தால் சோதனையில் தேறியது. ஒற்றை எழுத்தில் அடங்கிய இந்த வேறுபாட்டை எத்தனை பேர் கவனிக்கிறார்கள்? சோதிக்காத மந்தைக்குப் போகும் விந்து குறைபாடற்ற காளையுடையதாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதில் நான் இறங்கி வரமாட்டேன்.

மரபியல் மாணவி:
அந்த எல்லையை நானும் ஏற்கிறேன். ஆனால் 'கடத்தி' என்ற முடிவு எப்படி வந்தது என்பதையும் கேட்க வேண்டும். ஹோல்ஸ்டீன் கன்றுகள் கொழுப்பை உறிஞ்சி உடலுக்குள் கொண்டுசெல்ல முடியாமல் கழிச்சலால் மெலிந்து சாகும் கொலஸ்ட்ரால் குறைபாட்டில், தொடக்கத்தில் மரபணுவை நேரடியாகப் பார்க்காமல் அதைச் சூழ்ந்த குறிப்பான்களின் (மரபணுவுக்கு அருகில் உள்ள டிஎன்ஏ அடையாளங்களின்) அமைப்பை மட்டுமே பார்த்தார்கள். மாற்றம் நேராத மூதாதையிடமிருந்து வந்த அதே அமைப்பு குறையற்ற மாடுகளிடமும் இருந்ததால் அவையும் கடத்திகளாகக் கணக்கிடப்பட்டன. எனவே குறிப்பான் முடிவை மட்டும் வைத்து ஒரு காளையைக் கழிக்கும் முன், அந்த மரபணுவுக்கான நேரடிச் சோதனையையும் செய்துவிட வேண்டும்.