நிலாவுக்குக் கோட்டை கட்டினால் மழை வருமா?

காங்கேயம் களத்துக்காரன்:
முந்தாநாள் ராத்திரி. தேங்காய் உடைத்துக் களத்தில் காயப்போட்டு இரண்டே நாள். வாசல் கட்டிலில் படுத்திருந்த அப்பாரு, "நிலாவுக்குக் கோட்டை கட்டியிருக்குது, பருப்பை மூடுடா" என்றார். நிலாவைச் சுற்றி வட்டம் தெரிந்தால் அப்படித்தான் சொல்வார். நனைந்தால் பூஞ்சணம் பிடித்துவிடுமே என்று தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரமெல்லாம் கல் வைத்தேன். விடியும்வரை ஒரு சொட்டு இல்லை. காலையில் பிரித்தால் உள்ளே பருப்பு வேர்த்துக் கிடக்கிறது! அப்பாரு சொன்னது சும்மாதானா?

பல்லடம் வாத்தியார்:
வட்டம் எவ்வளவு பெரியதுங்க? கையை முழுக்க நீட்டி, கட்டைவிரலை நிலா மேல் வைத்துச் சாண் விரித்துப் பாருங்க.

காங்கேயம் களத்துக்காரன்:
நேற்றும் கட்டியிருந்தது. சுண்டுவிரல் சரியாக வட்டத்தைத் தொட்டது. உள் ஓரம் லேசாகச் செம்மண் நிறம்.

பல்லடம் வாத்தியார்:
சரி, அப்போது அது 22 பாகை வட்டம். ரொம்ப உயரத்தில் பரவும் மெல்லிய மேகம் செய்வது. நமக்குச் சித்திரை வெயில் கொளுத்தினாலும் அங்கே பனித்துகள்தான். ஒவ்வொன்றும் ஆறு பட்டைப் பென்சில் மாதிரி. ஒரு பட்டையில் நுழையும் வெளிச்சம், ஒரு பட்டை விட்டு அடுத்ததில் வெளியேறும்போது குறைந்தது 22 பாகையாவது திரும்பிவிடும். அதைவிடக் குறைவாகத் திரும்ப வழியில்லை என்பதால்தான் வட்டத்துக்குள் வானம் கொஞ்சம் கறுத்துத் தெரியும். நிலாவை ஒட்டியே சின்ன வளையம் தெரிந்தால் கதை வேறு, அது நீர்த்துளி மேகத்தின் வேலை.

உடுமலை அம்மிணி:
எங்க அம்மிச்சி "கிட்ட வட்டம் எட்ட மழை, எட்ட வட்டம் கிட்ட மழை" என்பார். இவர் பார்த்தது எட்ட வட்டம். மழை வந்திருக்க வேண்டுமே?

பல்லடம் வாத்தியார்:
குளிர்நாடுகளில் அந்தக் கணக்கு ஓரளவு பலிக்கும். அங்கே மழை மேகக் கூட்டம் வருவதற்கு முன்னால் இந்த மேகம்தான் முதலில் தலைகாட்டும். நம் பக்கம் அப்படியில்லை. எங்கோ இடித்துப் பெய்த மழைமேகத்தின் உச்சி காற்றில் பரவி வந்தாலும் கோட்டை கட்டும். மழை அங்கேயே முடிந்திருக்கும்.

காங்கேயம் களத்துக்காரன்:
அப்பாருவிடம் படித்துக் காட்டினேன். "எங்கியோ பேஞ்சுதுல்ல?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். பருப்பைத்தான் இன்னும் ஒரு நாள் காயப்போட வேண்டும்.