உளவளத்துணைக்கு (கவுன்சலிங்) போன இடத்தில் இன்னும் மனதை விட்டுப் போகாதது எது?

கொட்டகலைக்காரி:
சிபிடி என்கிற அறிகை நடத்தைச் சிகிச்சைக்குப் போனவர்களுக்கு அந்தத் தாள் தெரிந்திருக்கும். நடந்தது, மனதில் வந்த நினைப்பு, அதற்கு ஆதாரம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். எனக்கு இரவில் போன் அடித்தாலே கை நடுங்கும். கொழும்பில் கடையில் நிற்கிற தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றும். எழுதினேன். "சரி, ஆதாரம்?" என்றார் மிஸ். "அப்பா செத்ததும் இப்படி ராத்திரி போனில்தான் தெரிந்தது" என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டுப் பேனா மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டே இருந்தார். அப்புறம் அடுத்த கட்டத்தை நிரப்பச் சொன்னார். படபடப்பு குறைந்துதான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்த மூடிச் சத்தம் போகவில்லை.

ஊவாப்பக்கம்:
உங்களுக்காவது தாள். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு முகாமில் உதவிக்கு நின்றேன். தளர்வுப் பயிற்சி கொடுக்க வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். எல்லாரையும் பாயில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, "அமைதியான ஒரு மலையடிவாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார். முன்னால் இருந்த பாட்டி கண்ணைத் திறந்து "எந்த மலைங்க ஐயா?" என்றார். கேலி இல்லை. எது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

தேயிலைத்தூள்:
ஊவாப்பக்கம், அதற்காகத் தளர்வுப் பயிற்சியையே குறை சொல்ல வேண்டாம். சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு நடந்ததை முதலிலிருந்து கதையாகச் சொல்ல வைக்கும் சிகிச்சையும், மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு 2009இல் வந்தது. இரண்டு பக்கமும் நல்ல முன்னேற்றம். பிழை பயிற்சியில் இல்லை, முன்னால் இருப்பது யார் என்று பார்க்காததில்.

கொட்டகலை அக்கா, மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் சிபிடியைத் தொடங்கியது மனச்சோர்வில் வருகிற நினைப்புகளைச் சோதித்துப் பார்க்க. உங்கள் நினைப்புக்குப் பின்னால் நிஜமான இழவு இருக்கிறது. அதைத் தனியாகப் பேச வேண்டும். அதற்கு உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வழி நல்லது, அதாவது புத்தி சொல்லாமல் கூட இருந்து கேட்பது. போன் பயத்துக்கு, தம்பியை வேண்டுமென்றே இரவில் அடிக்கச் சொல்லுங்கள். முதலில் எட்டு மணிக்கு, பழகியதும் ஒன்பது, பிறகு பத்து. பயத்துக்குப் படிப்படியாகப் பழக்குவது அப்படித்தான். மருந்து எடுத்தால் டொக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். அவசரமென்றால் 1926, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். காலையில் நடங்கள். சீனியைக் குறையுங்கள்.

என் அனுபவமா? குழுவாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுகிற இடத்துக்குப் போனேன். எதிர்க் கதிரையில் எங்கள் மாமா. மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தோம்.

பத்தாம்நம்பர்மலை:
மாமா கதையை முதலில் எழுதியிருக்கலாம் அண்ணே.
எனக்குப் போனில்தான் உளவளத்துணை. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயக் காம்பராவில் பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அதனால் கொழுந்து மலைக்கு ஏறினேன், சிக்னலும் அங்கேதான். மனக்கவனப் பயிற்சி. "கண்ணை மூடிப் பாதத்தில் என்ன உணர்கிறீர்கள் என்று கவனியுங்கள்." கவனித்தேன். விரலிடுக்கில் இரத்தம் குடிக்கிற அட்டை. "நல்லது கெட்டது பார்க்காமல் அதை அப்படியே இருக்க விடுங்கள்" என்கிறார் அவர். நான் சவர்க்காரத் துண்டைத் தேடுகிறேன்.

கொட்டகலைக்காரி:
தேயிலைத்தூள், புத்தி சொல்லாமல் கேட்பது நல்லது என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று வாசித்துப் பாருங்கள். சீனி என்ன பாவம் செய்தது? தம்பி அடிக்கிற யோசனை மட்டும் பரவாயில்லை. ஆனால் எட்டு மணிக்கு அவன் கடை பூட்டியிருக்க மாட்டான். ஒன்பதிலிருந்து தொடங்கலாமா?