மத்திய வங்கி பிழை விட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

தோட்டத்துப்பிள்ளை:
வணக்கம். இலங்கையின் மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன், இப்போது கொழும்புக்கு அருகே வத்தளையில் கடை வேலை. அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை விட்டு வெளியேற வேண்டுமென்று 2021இல் ஊரில் துண்டுக் காணி வாங்கி, வங்கியில் வீட்டுக் கடன் எடுத்து அத்திவாரம் போட்டோம். அப்போது சீமெந்து மூட்டை 1,000 ரூபாய் அளவில். அடுத்த வருடம் அதே மூட்டை 3,000ஐத் தொட்டது, மாறும் வட்டி என்பதால் தவணையும் எகிறிவிட்டது. அத்திவாரத்தில் இப்போது புல் முளைத்துக் கிடக்கிறது. அம்மாவின் நாள் சம்பளம் 2021இல் 1,000, அது 1,350 ஆக 2024 வரை காத்திருக்க வேண்டி வந்தது. வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளி ஏற்றியது மத்திய வங்கி. அங்கே இருப்பவர்களை நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பவில்லையே, அவர்களை யார் கேட்பது?

கணக்கர்_கண்டி:
தம்பி, அந்த வட்டி 2022 ஏப்ரல் 8ஆம் திகதி ஏறியது. அது மருந்து, கசப்பான மருந்துதான். நோய் அதற்கு முன்னால் வந்தது. வட்டியைத் தாழ்வாக வைத்துப் பணத்தை அச்சடித்தார்கள், டொலரை 200 ரூபாய் அளவில் பிடித்துவைத்து நாட்டின் டொலர் கையிருப்பைக் கரைத்தார்கள். காஸுக்கும் மருந்துக்கும் டொலர் தட்டுப்பாடாக இருந்த 2022 ஜனவரியிலும் வெளிநாட்டாருக்கு விற்ற முறிகளுக்கான (கடன்பத்திரங்களுக்கான) 50 கோடி டொலர் கடனைக் கட்டினார்கள். செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம்.

கேட்காமலும் விடவில்லை. 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம், அப்போது நாட்டை ஆண்ட ராஜபக்ச சகோதரர்கள் மூவரோடு மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் கப்ரால், லக்ஷ்மன் ஆகியோரும் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது.

தோட்டத்துப்பிள்ளை:
சரி, தண்டனை?

கணக்கர்_கண்டி:
மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபாய். மக்களுக்கு நட்டஈடு இல்லை.

நூல்கோர்ப்பவள்:
அண்ணா மருந்து என்கிறார், ஆனால் அதை யார் குடித்தது என்றும் சொல்ல வேண்டும். நான் கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில் இருக்கிறேன். என் சம்பளத்தில் 8 வீதம், கம்பனி 12 வீதம் போடும் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியை நிர்வகிப்பது இதே மத்திய வங்கிதான். 2023இல் அரசின் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகள் வைத்திருந்த ரூபாய் முறிகளைத் தொடவில்லை, எங்கள் நிதி போன்ற ஓய்வுக்கால நிதிகளின் முறிகளை மட்டும் நீண்டகால முறிகளாக மாற்றி, வட்டி 12இல் தொடங்கி 9க்கு இறங்கும் என்றார்கள். மாற்றாவிட்டால் நிதிக்கு வரி 14இலிருந்து 30 வீதம். வங்கி விழுந்தால் எல்லாரும் விழுவோம் என்பது விளங்குகிறது, அதற்காக வயதுபோன காலத்தில் நான் சிறு வீடு கட்ட நம்பியிருந்த காசிலா கைவைப்பது? இவ்வளவும் நடந்தபின் 2024 தொடக்கத்தில் மத்திய வங்கி தன் ஊழியர்களுக்குப் பெரிய சம்பள உயர்வு கொடுத்தது, நாடே கொதித்தது. தனியார் துறையின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் அப்போது 12,500.

கணக்கர்_கண்டி:
அந்த உயர்வை நானும் நியாயப்படுத்த மாட்டேன் தங்கச்சி. 2023இன் புதிய மத்திய வங்கிச் சட்டம் அதற்குச் சுயாதீனத்தைக் கொடுத்தது, அரசுக்காக நேரடியாகப் பணம் அச்சடிப்பதையும் தடுத்தது, அது நல்லது. பணவீக்க இலக்கு தொடர்ந்து இரண்டு காலாண்டு தவறினால் பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். ஆனால் சம்பளமும் வீடும் என்னவாயிற்று என்று கேட்க அதில் வழியில்லை. பணவீக்கம் இறங்கிவிட்டது என்பார்கள், ஏறின விலை ஏறினபடியே நிற்கிறது.

அப்புறம் தம்பி, மற்ற வட்டிகளுக்கு வழிகாட்டும் மத்திய வங்கியின் கொள்கை வட்டி 2025 மே மாதம் 7.75 வீதத்துக்கு வந்துவிட்டது. உங்கள் தவணை குறைந்ததா?

தோட்டத்துப்பிள்ளை:
கொஞ்சம்தான். ஏற்றும்போது அடுத்த மாதமே கடிதம் வந்தது, இறக்கக் கேட்டால் பார்ப்போம் என்கிறார்கள்.

கணக்கர்_கண்டி:
வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள், ஒப்பந்தத்தில் வட்டி எதைப் பார்த்து மாறும் என்று இருக்கிறதோ அந்த வரியைக் குறிப்பிட்டு. சரியான பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். கடிதத்தின் பிரதி ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துப்பிள்ளை:
ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஞாயிறு ஊருக்குப் போகிறேன், எடுத்துவந்து அந்தப் பக்கத்தை இங்கே போடுகிறேன், பெயர், இலக்கம் எல்லாம் மறைத்துவிட்டு. பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா.