அட்லஸ் மலைக்கிராமங்களுக்கு உதவப் போகிறவர்களுக்கு: மூவரின் அனுபவப் பகிர்வு (புனைபெயர்களில்)

கோவேறு:
மொராக்கோவின் உயர் அட்லஸில் இம்லில் என்ற ஊர் வரை தார்ச்சாலை உண்டு. அதற்கு மேலே பல கிராமங்களுக்குக் கோவேறு கழுதைதான் லாரி, அதுதான் ஆம்புலன்ஸ். முதுகின் இருபுறமும் தொங்கும் 'ஷுவாரி' கூடையில் மொத்தம் 80 கிலோவைத் தாண்டாதீர்கள். ஒரு பக்கம் கனத்தால் சேணம் உரசி முதுகு புண்ணாகும். புண் ஆறும்வரை கழுதைக்காரர் வீட்டுக்குக் கூலி கிடையாது. பெரிய அட்டைப்பெட்டி வேண்டாம். 20 கிலோவுக்குள் சாக்குமூட்டைகளாக, ஜோடி ஜோடியாகக் கட்டுங்கள்.

நோட்டுப்புத்தகம், மாவு, எண்ணெய், கம்பளி எல்லாம் மராகேஷ் நகரிலோ, இம்லிலுக்குக் கீழே உள்ள அஸ்னி ஊரின் சனிக்கிழமைச் சந்தையிலோ வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து பழைய துணி ஏற்றினால் சுங்கத்தில் முடங்கும். யாருக்கு எது என்பதை ஊர்ச்சபையான 'ஜமாஅ' முடிவு செய்யட்டும் (நம் ஊர் ஜமாத்துக்கும் இதற்கும் ஒரே அரபு வேர்). 40 வீட்டு ஊருக்கு 30 போர்வை கொண்டுபோய் நீங்களே கொடுத்தால், நீங்கள் இறங்கி வந்துவிடுவீர்கள். சண்டை அங்கேயே இருக்கும்.

மாத்திரைப்பெட்டி:
மருந்து பற்றி. காலாவதிக்குக் குறைந்தது ஓர் ஆண்டாவது இல்லாத மருந்தை உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலே வேண்டாம் என்கிறது. வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளையும்தான். ஊர் ஊராகப் போகும் மருத்துவ முகாமுக்கு ('கேரவன்') அரசு அனுமதி முன்கூட்டியே வேண்டும். வெளிநாட்டு மருத்துவர் என்றால் இன்னும் முன்னதாக.

இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனால் மட்டும் போதாது. அங்கே சாப்பாட்டோடு புதினா போட்ட பச்சைத் தேநீர் ஓயாமல் ஓடும். தேயிலையின் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீர் கூடாது என்று சொல்லுங்கள். தேநீரையே விடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை!

வயிற்றுப்போக்குக்கு உப்புக்கரைசல்: ஒரு லிட்டர் சுத்தமான நீர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அங்கே சர்க்கரை பெரும்பாலும் கூம்புக் கட்டியாக வரும். உடைத்துப் பொடியாக்கி அளக்காவிட்டால் அளவு தப்பும். சர்க்கரை கூடினால் போக்கும் கூடும்.

மாத்திரை உறையில் எழுத்துக்குப் பதில் சூரியனும் நிலாவும் வரையுங்கள். ரமலானில் மூன்று வேளை மருந்து எழுதினால் பகல் வேளை நின்றுபோகும். முடிந்த இடத்தில் இரண்டு வேளை மருந்தாக மாற்றுங்கள்.

மொழிபெயர்ப்புதான் அதிகம் சறுக்கும் இடம். பெண்கள் பேசுவது தசல்ஹித் என்ற பெர்பெர் மொழி. மராகேஷிலிருந்து அழைத்துவந்தவருக்குத் தாரிஜா (மொராக்கோவின் பேச்சு அரபி) மட்டுமே தெரியும் என்றால் பயனில்லை. பள்ளி போகும் மகனை நிறுத்தி அம்மாவின் மாதவிடாய்ச் சிக்கலைக் கேட்டால் "வயிற்று வலி" என்று மட்டும்தான் பதில் வரும். தசல்ஹித் பேசும் பெண் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

விடுதிச்சோறு:
படிப்பில் அடைப்பு எங்கே என்று பார்த்துப் பணம் போடுங்கள். ஆறு ஆண்டுத் தொடக்கப்பள்ளி ஊரிலோ பக்கத்திலோ இருக்கும். அடுத்த மூன்றாண்டு 'கொலேஜ்' (நடுநிலைப்பள்ளி) கீழே பெரிய ஊரில். பையன் எப்படியோ போய்விடுவான், பெண் நின்றுவிடுவாள். அதனால்தான் 'எஜுகேஷன் ஃபார் ஆல்' என்ற தொண்டு நிறுவனம் 2007-இல் அஸ்னியில் பெண்கள் விடுதியைத் தொடங்கியது.

கட்டடத்துக்குப் பணம் தருபவர் கிடைப்பார்கள். மூன்றாம் ஆண்டு ரொட்டிக்கும், 12 கிலோ பியூட்டேன் சிலிண்டருக்கும், பாதுகாவலர் அம்மாவின் சம்பளத்துக்கும்தான் கிடைக்கமாட்டார்கள். செங்கல் வாங்குமுன் குறைந்தது மூன்றாண்டு நடப்புச் செலவைக் கையில் வையுங்கள். அந்த அம்மா தசல்ஹித் பேசுபவராக இருந்தால்தான் தகப்பன்மார் நம்பி அனுப்புவார்கள்.

விடுதிக்கு வரும் பெண்கள் முதல் பருவத்தில் சறுக்குவது பெரும்பாலும் பிரெஞ்சில். வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் அரபி, கணக்கும் அறிவியலும் பல இடங்களில் பிரெஞ்சு. மாலையில் ஒரு மணி நேரம் பிரெஞ்சு சொல்லித்தர ஆள் வைப்பது, கணினி அறை கட்டுவதைவிட மலிவு, பலனும் அதிகம். இன்னொன்று: சேர்க்கைக்கு முன் பிறப்புப் பதிவைப் பாருங்கள். பெற்றோர் திருமணம் பதிவாகாமல் பிள்ளையின் பெயரும் ஏறாமல் இருக்கலாம். அது நீதிமன்றம் வரை போகும் வேலை, கோடையிலேயே தொடங்கவேண்டும்.

கோவேறு:
தேதி குறிக்கும் முன் ஒன்று. செப்டம்பர், அக்டோபரில் வால்நட் அறுவடை, ஊரே மரத்தடியில் இருக்கும். மற்ற மாதங்களிலும் காலையில் பெண்கள் புல்லறுக்கப் போய்விடுவார்கள். மருத்துவ முகாமை மதியத்துக்குப் பின் வையுங்கள். பெண்களுக்குத் தனி வாசல், தனி அறை.