பெரிய வீடு குடும்பம் – ஞாயிறு ராத்திரி

பேச்சி: போர்வெல்ல இன்னைக்கும் காத்துதான் வருது. வளைகாப்புக்கு 12 நாள்தான். நூறு எலை விழும், கை கழுவ தண்ணி?

உமா: லாரி சொல்லிரலாம்ல மயினி

பேச்சி: ஒரு நா சொல்லலாம். பிரசவம் முடிஞ்சு அஞ்சு மாசம் நீ இங்கதான கெடக்கப் போற. தெனம் லாரியா?

கணேஷ்: கார் நிக்குத போர்ச்சுக்கு அடியில கிணறு இருக்குல்லா. மூணடிக்கு மூணடி வெட்டித் தொறந்துருவோம். எங்கிட்ட கிரைண்டர் இருக்கு

முத்தையா பெரியப்பா: அது 8 இஞ்ச் சிலாப். 2006-ல நான் நின்னு போட்டது. 12 எம்எம் கம்பி, ரெண்டு அடுக்கு. லோடு லாரி ஏறினாலும் அசையாது.

ராஜி: எதுக்குப் போட்டீங்கன்னும் சொல்லுங்க அத்தான்

வேலு: ராஜி

ராஜி: சும்மா கேட்டேன்

கணேஷ்: செல்வம் அத்தான், முழிச்சிருக்கியளா? தோஹாவுல கான்கிரீட் வெட்டுததுதான உங்க வேலை

செல்வம்: முழிச்சிருக்கேன் கணேஷ். கிரைண்டரைத் தூக்கி உள்ள வை. வட்ட டிஸ்க்குல பாதிதான் கான்கிரீட்டுக்குள்ள போவும். அந்தப் பாதியிலயும் நடுவுல இருக்க நட்டும் வாஷரும் கொஞ்சத்தைத் தின்னுரும். 4 இஞ்ச் டிஸ்க்குன்னா ஒரு இஞ்ச் ஆழம். 9 இஞ்ச் மிஷின்னா ரெண்டரை. நாங்க இங்க தோள்ல தூக்கிட்டு அலையுத 14 இஞ்ச் பெட்ரோல் கட்டரே 5 இஞ்சைத் தாண்டாது. செவருன்னா ரெண்டு பக்கமும் வெட்டி நடுவுல சேத்துரலாம். இங்க கீழ கிணறு. மேல இருந்து மட்டுந்தான் வெட்ட முடியும். மாமா போட்டது 8.

முத்தையா பெரியப்பா: 8-க்கு மேலயே இருக்கும்.

கணேஷ்: மாரிகிட்ட 9 இஞ்ச் டிஸ்க் கெடக்காம். டிஸ்க்கை மூடுத கார்டைக் கழட்டிட்டு நம்ம கிரைண்டர்லயே மாட்டிரலாம்ங்கான்

செல்வம்: அவன் நம்பரை அழி. சின்ன மிஷின் நிமிஷத்துக்கு 11,000 சுத்து சுத்தும். 9 இஞ்ச் டிஸ்க் மேல 6,600-ன்னு போட்டிருக்கும் பாரு, அதைத் தாண்டக் கூடாது. செதறினா துண்டு வயித்துக்கு வருமா மூஞ்சிக்கு வருமான்னு சொல்ல முடியாது

ராஜி: கணேஷ் நீ அந்தப் பக்கமே போவாத

உமா: சித்தி கலவை சாதம் அஞ்சா ஏழா?

ராஜி: ஏழு

பேச்சி: தண்ணியே இல்ல, ஏழு

செல்வம்: ஆழமா வெட்ட ரிங் சா உண்டு. நடுவுல அச்சே கிடையாது, வளையம் மாதிரி இருக்கும், ஓரத்துல பிடிச்சுச் சுத்தும். அதனால 14 இஞ்ச் வளையமே 10 இஞ்ச் வரைக்கும் எறங்கும். இன்னொண்ணு வால் சா, தண்டவாளம் மாதிரி போல்ட் அடிச்சு பெரிய பிளேடை ஓட விடுவோம். ஊர்ல இதெல்லாம் தேடித்தான் பிடிக்கணும். கோர் கட்டிங் ஆளு, அதான் கான்கிரீட்டுல வட்டமா ஓட்டை போடுதவன், அவன் மட்டும் எங்கயும் கெடைப்பான். 4 இஞ்ச் ஓட்டையா ஒண்ணோட ஒண்ணு உரச வரிசையாப் போட்டா மூணடி சதுரத்துக்கு நாப்பது ஓட்டை. வெட்டி முடிச்ச துண்டு 400 கிலோவுக்கு மேல இருக்கும். வெட்டும் முன்னாடியே முக்காலி நிறுத்தி செயின் பிளாக்குல, அதான் சங்கிலிக் கப்பியில, தொங்க விடணும். இல்லன்னா கிணத்துக்குள்ள போயிரும்

வேலு: 🙏

பேச்சி: இதுக்கும் தண்ணி வேணுமா தம்பி?

செல்வம்: கண்டிப்பா. டைமண்ட் பிளேடு மரம் அறுக்குத வாள் மாதிரி கடிக்காது, தேச்சுத் தேச்சுத்தான் எறங்கும். தண்ணி இல்லன்னா சூடாகி துண்டு தெறிக்கும். தூசி அதை விட மோசம். வந்த புதுசுல ஒரு பேஸ்மென்ட்ல தண்ணி விடாம வெட்டச் சொன்னாவ. ரெண்டு நாளைக்கு எச்சி சாம்பக் கலர்ல வந்துச்சு. அம்மாட்ட சொல்லல

பேச்சி: அப்பக் கிணத்துத் தண்ணிய எடுக்க லாரித் தண்ணி வாங்கணும்

கணேஷ்: 😂😂😂

பேச்சி: சரி, மோட்டார் எறங்க எவ்வளவு எடம் வேணும்?

செல்வம்: போர்ல எறக்குத நீள மோட்டார்னா 4 இஞ்ச் குறுக்களவு. கிணத்துல தொங்க விட்டா மேல ஒரு பிவிசி உறை மாட்டணும், தண்ணி மோட்டாரை உரசிட்டு ஏறினாத்தான் சூடு ஏறாது. எல்லாம் சேத்து 8 இஞ்ச்

பேச்சி: பெறகு எதுக்கு மூணடிக்கு மூணடி?

கணேஷ்: ஏ மயினி

செல்வம்: அது கணேஷ் சொன்ன அளவு அக்கா

செல்வம்: 8 இஞ்ச்ல ஒரே ஓட்டை போதும். அரை நாள் வேலை

முத்தையா பெரியப்பா: ஓரமாப் போடச் சொல்லு. நடுக் கம்பில கை வைக்கக் கூடாது.

உமா: கிணத்துல தண்ணி இருக்கா?

உமா: ஹலோ

வேலு: மூடும்போது இருபதடியில கெடந்துச்சு

ராஜி: 2006-ல

முத்தையா பெரியப்பா: பக்கத்து டீச்சர் வீட்டுக் கிணத்துல இன்னைக்கும் கெடக்கு.

செல்வம்: அப்ப முதல்ல 3 இஞ்ச்ல ஒண்ணு போட்டு, கயித்துல ஒரு நட்டைக் கட்டி எறக்கிப் பாருங்க. நனைஞ்சு வந்தா அதுக்கு மேல பேசுவோம். ஒருத்தரும் உள்ள எறங்கக் கூடாது. இத்தனை வருஷமாக் காத்துப் படாத கிணறு, மூச்சு முட்டிரும்

பேச்சி: வெள்ளிக்கெழமை ஆள் வரச் சொல்லவா?

ராஜி: பாகப் பத்திரத்துல கிணறு ஆளுக்குப் பாதின்னு இருக்கு. ஓட்டை எந்தப் பாதியில விழுது?

வேலு: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

முத்தையா பெரியப்பா: அதான் மூடினேன்.

உமா: அப்பா

பேச்சி: சின்னத்தை, தண்ணி வந்தா முதக் கொடம் உங்க வீட்டுக்குத்தான். காரை மட்டும் சிலாப்ல இருந்து எடுக்கச் சொல்லுங்க

ராஜி: சாவி கணேஷ்ட்ட இருக்கு

கணேஷ்: கார் ஸ்டார்ட் ஆவாது மயினி. பேட்டரி போயி மூணு மாசம் ஆச்சு

செல்வம்: பேட்டரின்னா முதல்ல நீ என்ன பாக்கணும்னா

பேச்சி: தம்பி நாளைக்கு