நல்ல தண்ணீர் எந்தக் குழாயில்?

அக்காவுக்கு வங்கியில் சென்னையிலிருந்து கோவைக்கு மாற்றல். காந்திபுரம் பக்கம் கிளை. ஜூனில் குட்டிக்குப் பள்ளி திறப்பதற்குள் வீடு பிடிக்க வேண்டும் என்று அக்காவும் அத்தானும் மே மாதம் இரண்டு நாள் போய்த் தேடினார்கள். அப்போது எங்கள் குடும்பக் குழுவில் ஓடிய பேச்சு இது. புதிதாகக் கோவைக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் அக்காவிடம் கேட்டுவிட்டுப் போடுகிறேன்.

சனிக்கிழமை

[காலை 6:32] அக்கா: இறங்கிவிட்டோம். சேரன் எக்ஸ்பிரஸில் நன்றாகத் தூங்கினேன், இவர்தான் தூங்கவில்லை. குட்டி எழுந்துவிட்டாளா?

[6:34] அம்மா: இன்னும் இல்லை. முதலில் இரண்டு பேரும் ஏதாவது சாப்பிடுங்கள், வெறும் வயிற்றோடு அலையாதீர்கள்.

[6:40] அத்தான்: சாப்பிட்டுத்தான் கிளம்புவோம் அத்தை. இன்று பீளமேட்டில் இரண்டு, கணபதியில் ஒன்று, சாயங்காலம் வடவள்ளி. எல்லாமே இரண்டு படுக்கையறை, பதினெட்டாயிரத்துக்குள்.

[6:58] சித்தப்பா: மாப்பிள்ளை, நான் சிங்காநல்லூரில் பன்னிரண்டு வருடம் இருந்தவன், அதனால் சொல்கிறேன். கோவையில் வாடகையைக் கேட்பதற்கு முன்னால் தண்ணீரைக் கேளுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் நல்ல தண்ணீர் ஒரு குழாய், உப்புத் தண்ணீர் ஒரு குழாய். நல்ல தண்ணீர் என்றால் சிறுவாணி அல்லது பில்லூர் அணைத் தண்ணீர், உப்பு என்றால் போர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். சிறுவாணி பெரும்பாலும் மேற்குப் பக்கம் வருவது, பில்லூர் பவானி ஆற்றுத் தண்ணீர். இரண்டும் குடிக்க நன்றாக இருக்கும், ஆனால் தினமும் வராது, அதுதான் விஷயம். எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, நல்ல தண்ணீருக்குத் தனித் தொட்டி இருக்கிறதா, அதை எத்தனை குடும்பம் பங்கு போடுகிறது, இந்த மூன்றையும் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

[7:03] அத்தான்: சரி சின்ன மாமா. குறித்துக்கொண்டேன்.

[10:47] அக்கா: முதல் வீடு. தரை, அலமாரி, சமையலறை எல்லாம் புதிது, பார்த்தவுடன் பிடித்துவிட்டது. அப்புறம் குளியலறைக் குழாயைப் பார்த்தேன். வாய் முழுக்கச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறது, ஷவரில் பாதி ஓட்டை அடைத்துவிட்டது. கையில் கொண்டுபோன சோப்பைப் போட்டுத் தேய்த்தேன், நுரையே வரவில்லை, கை பிசுபிசுவென்று ஆகிவிட்டது. வீட்டுக்காரர் தண்ணீர்ப் பிரச்சினையே இல்லைங்க என்கிறார்.

[10:49] நான்: அக்கா உனக்கு ஏற்கெனவே முடி கொட்டுகிறது, வேண்டாம்.

[10:52] சித்தப்பா: அவர் பொய் சொல்லவில்லை கண்ணு. தண்ணீர் எப்போதும் வரும், உப்பாக வரும். குடிக்க, சமைக்க என்ன செய்கிறார்கள் என்று கேள்.

[10:58] அக்கா: கேன் வாங்கிக்கொள்ளலாமாம். நல்ல தண்ணீருக்குத் தொட்டியே இல்லை.

[11:50] அத்தான்: இரண்டாவது வீட்டில் உள்ளேகூடப் போகவில்லை. வாசலிலேயே நிறுத்தி, எந்த ஊருங்க என்று கேட்டார், கும்பகோணம் பக்கம் என்றேன். நீங்க என்ன ஆளுங்க என்றார். என்ன வேலை பார்க்கிறோம் என்று கேட்கிறாராக்கும் என நினைத்துச் சொன்னேன், அது இல்லைங்க என்று மறுபடி கேட்டார். இந்த வீடு எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

[11:53] அப்பா: சரியாகச் செய்தீர்கள் மாப்பிள்ளை. சும்மா கொடுத்தாலும் அந்த வீடு வேண்டாம்.

[11:55] அக்கா: சாதியைச் சொல்லியிருந்தால் ஒருவேளை வீடு கிடைத்திருக்கும் அப்பா. அதுதான் எனக்கு ரொம்ப வேதனையாக இருக்கிறது. நமக்கு அடுத்து வருகிறவரையும் இதே வாசலில் நிறுத்திக் கேட்பார்.

[11:56] அம்மா: மனதில் வைத்துக்கொள்ளாதே. நிழலாகப் பார்த்து உட்கார், இளநீர் குடி.

[மதியம் 1:20] அத்தான்: கணபதி வீடு. இவள் அலுவலகத்துக்குப் பக்கம், தண்ணீரும் பரவாயில்லை. ஆனால் கரண்ட்டுக்குத் தனி இணைப்பு இல்லை, சப் மீட்டர்தான். யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் வீட்டுக்காரரிடம் கட்ட வேண்டுமாம். பத்து மாத அட்வான்ஸ். மச்சான், இது சரியா?

[1:31] அண்ணன்: வேண்டாம் மாப்பிள்ளை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு எடுக்கும்போது வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். சப் மீட்டரில் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது, முதல் யூனிட்டிலிருந்தே ஒன்பது ரூபாய் கொடுப்பீர்கள். உங்கள் போர்ஷனுக்கென்று தனி சர்வீஸ் எண் இருக்க வேண்டும். அட்வான்ஸுக்கு வருவோம். 2017-இல் போட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, இரண்டு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. நடைமுறையில் எல்லாரும் கூடக் கேட்கிறார்கள், அதனால் பேசிக் குறையுங்கள். ஒப்பந்தம் 11 மாதத்துக்கு என்றாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும்.

[இரவு 7:48] அக்கா: வடவள்ளி முதல் வீட்டு மொட்டைமாடியில் நிற்கிறேன். எதிரே மருதமலை, கோயில் விளக்கெல்லாம் தெரிகிறது. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, அதனால் இது நமக்கு ஆகாது, அம்மா வந்தால் ஏற முடியாது. ஆனால் இந்தப் பக்கம் மனதுக்குப் பிடித்திருக்கிறது. காந்திபுரத்திலிருந்து பஸ்ஸிலேயே வந்து பார்த்தோம், நாளைக்கு நான் போகப்போகிற வழி அதுதானே. லாலி ரோடு சிக்னலில் நின்றதையும் சேர்த்து 45 நிமிடம்.

[7:55] அப்பா: தினமும் போக வர ஒன்றரை மணி நேரம். யோசித்துச் செய்.

[7:59] அக்கா: யோசிக்கிறேன் அப்பா. இவருக்கு வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தே வேலை, குட்டிக்குப் பள்ளி பக்கத்திலேயே இருக்கிறது. நான் ஒருத்தி பஸ்ஸில் போனால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை

[காலை 11:15] அக்கா: எல்லாரும் இருக்கிறீர்களா? வடவள்ளியிலேயே இன்னொரு வீடு, கீழ்த்தளம். வீட்டுக்காரர் மாடியில் இருக்கிறார். சோப்பு போட்டுப் பார்த்தேன், போர் தண்ணீரிலேயே ஓரளவு நுரைக்கிறது. ஐந்து நாளைக்கு ஒரு முறை நல்ல தண்ணீர் வரும் என்றார். சரி, பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்போம் என்று போனால் ஒரு பாட்டி, வா அம்மணி என்று கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் தொங்குகிறது. தண்ணீர் வந்த நாளையெல்லாம் நீலப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். ஜனவரியிலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் காட்டினார். ஜனவரியில் ஐந்து, ஆறு நாளைக்கு ஒரு வட்டம். இந்த மாதம் 2, 11, 19, அவ்வளவுதான்.

[11:18] சித்தப்பா: இதைவிட நல்ல கணக்கு யாரும் தர முடியாது. சிறுவாணி அணை இருப்பது கேரளப் பக்கம், கோடையில் மட்டம் இறங்கிவிடும், தென்மேற்குப் பருவமழை பிடித்தால்தான் ஏறும். மே மாதத்தில் எட்டு ஒன்பது நாளைத் தாக்குப்பிடிக்கிற வீடு என்றால் வருடம் முழுக்கத் தாங்கும். தொட்டி எவ்வளவு?

[11:24] அத்தான்: மூடியைத் திறந்தே பார்த்தேன் சின்ன மாமா. 4,000 லிட்டர், அவர்கள் குடும்பமும் நாமும் மட்டும். கோடையில் தள்ளிப்போகும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன், ஆமாங்க, ஐந்து என்று நான் சொன்னது மழைக்காலக் கணக்கு என்று ஒப்புக்கொண்டார்.

[11:26] சித்தப்பா: அப்படியானால் விடாதீர்கள்.

[11:40] அத்தான்: வாடகை 16,500. அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் கேட்டார், பேசிப் பேசி 80,000-க்கு வந்திருக்கிறது. தனி மீட்டர் இருக்கிறது, சர்வீஸ் எண்ணைப் படம் எடுத்துவிட்டேன். காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பாராம்.

[11:44] அண்ணன்: அந்தப் பெயின்ட் விஷயத்தை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள், வருடத்துக்கு எவ்வளவு ஏற்றுவார் என்பதையும்தான். வாயால் சொன்னது மூன்று வருடம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. இப்போது டோக்கனாக ஐந்தாயிரம் மட்டும் ஜிபேயில் போடுங்கள், இன்ன வீட்டுக்கு முன்பணம் என்று குறிப்பும் எழுதுங்கள்.

[12:10] அக்கா: போட்டாயிற்று. சாவி 1-ஆம் தேதி.

[12:11] நான்: அக்கா!! அறை அறையாகப் படம் அனுப்பு.

[12:14] அம்மா: வைகாசியிலேயே பால் காய்ச்சிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். நான் நாள் பார்த்துச் சொல்கிறேன்.

[12:20] அக்கா: சரி அம்மா. அப்புறம், பரணில் பாட்டியோட பித்தளை அண்டா இருக்கிறதே, இந்தச் சமையலறையில் நல்ல தண்ணீர்க் குழாய்க்குக் கீழே சரியாக அந்த அளவுக்கு ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். அதை லாரியில் ஏற்றிவிடுங்கள்.

[12:23] அம்மா: இன்றைக்கே இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து வைக்கிறேன்.