கொங்கிரீட் சிலாப் கூரை போட்ட வீட்டுல ராவைக்கு வெக்கை தாங்க ஏலாம கிடக்கு, ஏசிய மாத்துறதா வீட்டத் திருத்துறதா?

லிங்கநகர்வாசி:
வணக்கம் எல்லாருக்கும். எங்கட வீடு திருகோணமலை லிங்கநகரில, அப்பா தொண்ணூறுகளில கட்டினது, கீழ்த்தளம் மட்டும்தான், பிறகு மேல கட்டுவம் என்டு சிலாப் போட்டு தூண் கம்பியெல்லாம் நீட்டி விட்டதோட நிண்டு போச்சு, இப்பவும் அப்பிடியேதான் நிக்குது. பகலைவிட ராவைக்குத்தான் ஆகக் கஷ்டம், பத்து மணிக்கும் ஃபேனைப் போட்டா சூடான காத்துத்தான் கீழ வருது, அம்மா விறாந்தையிலதான் படுக்கிறா. மேற்குப் பக்க அறையில 12000 பீடியூ (குளிராக்குற சக்தியிட அளவு) ஏசி ஒண்டு இருக்கு, அது போட்ட பிறகு ஒவ்வொரு மாசமும் கரண்ட் 180 யூனிட் தாண்டுது, ஆகக் கூடின விலை அதுக்கு மேலதானே. இப்ப ஏசிக்காரர் சொல்றார் இது காணாது 18000 பீடியூ போடுங்க என்டு. காசு இருக்கிறது ஒரு வேலைக்குத்தான், எதைச் செய்யலாம்?

மேசன்மகன்:
தம்பி பெரிய ஏசி வாங்காதீங்க, முதல்ல ராவு ஒன்பது மணிக்கு ஒரு மேசையில ஏறி நிண்டு சிலாப்புக்கு அடியில உள்ளங்கையை வச்சுப் பாருங்க. கதகதப்பா இருந்தா வெக்கை வாறது அங்கயிருந்துதான். கொங்கிரீட் பகல் முழுக்கச் சூட்டைக் குடிச்சுப்போட்டு ஆறுதலாத்தான் கீழ விடும், அதாலதான் உங்களுக்கு ராவைக்குக் கூட. எங்கட ஊரில சித்திரை வருசத்தை அண்டி சூரியன் நேர உச்சியில நிக்கும், ஆவணிக் கடைசியில திரும்பவும் ஒருக்கா, அதால சுவரைவிடக் கூரைக்குத்தான் அடி அதிகம். கறுத்துப்போன பழைய சிலாப் விழுற வெயிலில முக்கால்வாசியக் குடிச்சிரும், நல்ல வெள்ளைப் பெயின்ற் அடிச்சா பெரும்பங்கு திரும்பிப் போயிரும்.
ஆனா நேர போய் பெயின்ற் அடிச்சுப்போடாதீங்க. முதல்ல வெடிப்பெல்லாம் அடைச்சு, தண்ணி தேங்குற இடத்துக்கு வாட்டம் குடுத்து, வோட்டர் புரூஃப் செய்யுங்க. அந்த நீட்டி நிக்கிற கம்பி இருக்கே, கடல் காத்துக்குத் துரு பிடிச்சு ஊதி கொங்கிரீட்ட வெடிக்கப் பண்ணும், அதுக்குள்ளால மழைத் தண்ணி இறங்கும். மேல கட்ட மாட்டீங்கன்னா வெட்டிப்போட்டு பூசி விடுங்க. எல்லாம் ஐப்பசி மழைக்கு முதல் முடியோணும். சுண்ணாம்பு மலிவுதான், ஆனா ஒரு மாரியோட கழுவுண்டு போயிரும், கூரைக்கென்டே வாற ரப்பர் மாதிரி இழுபடுற வெள்ளைப் பெயின்ற் கூட நாள் நிக்கும். பாசி பிடிச்சா வெள்ளையும் வேலை செய்யாது, வருசத்துக்கு ஒருக்கா தேய்ச்சுக் கழுவ வேணும்.

நிலாவெளி_அக்கா:
பெயின்ற்றோட நிக்காம சிலாப்புக்கு மேல இரும்பு அடிச்சு கூரைச் சீட் போட்டா இன்னும் நல்லம். சீட்டுக்கும் சிலாப்புக்கும் நடுவில காத்து ஓடுது, வெயில் சிலாப்பில படவே படாது, உடுப்புக் காயப்போடவும் இடம். நாங்க அப்பிடித்தான் செய்தது. செலவு கூட, அதை மறைக்கேல்ல.

மேசன்மகன்:
அக்கா சொல்றது சரி, ஆனா கடற்கரைக்குக் கிட்ட என்டா நட்டும் ஆணியும்தான் முதல்ல உக்கும். 2020 மார்கழியில புரெவிப் புயல் குச்சவெளிப் பக்கத்தாலதான் கரைக்கு வந்தது, மறந்திராதீங்க. சும்மா தூணில கட்டி விட்ட சீட் பக்கத்து வீட்டிலதான் போய் இருக்கும். சிலாப்பிலயே போல்ட் போட்டு இறுக்கோணும்.

ஏசி_பெடியன்:
நான் இந்த வேலைதான் செய்யிறன், ஆனாலும் மேசன்மகன் அண்ணா பக்கம்தான். இன்வேட்டர் (தேவைக்கேத்தபடி வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது) இல்லாத ஏசியில தேவைக்கு மேல பெரிசு போட்டா சட்டெண்டு குளிர்ந்து சட்டெண்டு நிக்கும், ஈரப்பதத்தை இழுக்க நேரம் காணாது, அறை குளிரும் ஆனா பிசுபிசு என்டு இருக்கும்.
உங்கட வெளி யூனிட் எங்க பூட்டிக் கிடக்கு? மேற்குச் சுவரிலயா? பின்னேர வெயிலிலயும் உப்புக் காத்திலயும் நிக்கிற யூனிட்டிட அலுமினியத் தகடு வெள்ளையாப் பூத்துப் பொடிப்பொடியா உதிரும், பிறகு சூட்டை வெளிய தள்ள ஏலாம கொம்பிரசர் நிக்காம ஓடும், பில் ஏறுறது அதாலயும்தான். மாசத்துக்கு ஒருக்கா மெயினை நிப்பாட்டிப்போட்டு நல்ல தண்ணியால மெல்லமாக் கழுவுங்க, பிரஷர் பைப் அடிச்சா தகடு வளைஞ்சிரும்.
இன்னொண்டு, ஜன்னலுக்கு மேல காத்துப் போற ஓட்டைக் கல்லு வச்சிருப்பினமே, அதை அடைச்சீங்களா? அடைக்காட்டி நீங்க லிங்கநகர் ரோட்டையும் சேர்த்துத்தான் குளிராக்குறீங்க. தட்டுத்தட்டா இருக்கிற லூவர் கண்ணாடியும் அப்பிடித்தான், இடுக்கால குளிர் போயிரும். ஏசி அறையில மட்டும் அடையுங்க, மத்த அறையில அது திறந்துதான் கிடக்கோணும். 26ல வச்சு ஃபேனையும் மெல்லமா ஓட விடுங்க, 18ல வச்சுப் போர்த்திக்கொண்டு படுக்கிற சனத்தை நான் நிறையப் பாத்திட்டன்.

லிங்கநகர்வாசி:
ஓம் அண்ணா, மேற்குச் சுவரிலதான், அந்த ஓட்டைக் கல்லும் திறந்துதான் கிடக்கு, ஒருத்தரும் அதைச் சொல்லேல்ல. ஒன்பது மணிக்குக் கையை வச்சும் பாத்தன், மேசன்மகன் அண்ணா சொன்னபடிதான். ஜன்னலுக்குத் தடிப்பான கேட்டின் போட்டால் காணுமா?

நிலாவெளி_அக்கா:
கேட்டின் உள்ளுக்குத்தானே தம்பி, வெயில் கண்ணாடிக்குள்ளால வந்திட்டா சூடு வீட்டுக்குள்ள வந்ததுதான். வெளியால மறைக்கோணும், கிடுகுத் தட்டி கட்டினாலும் சரி. மற்றது கச்சான் (மேற்கால வாற சூடான காத்து) அடிக்கிற நேரம் காத்து வரட்டும் என்டு மேற்கு ஜன்னலைத் திறந்து வைக்காதீங்க, அது நெருப்பைத்தான் கொண்டு வரும். கடல் காத்து திரும்பின பிறகு எல்லாத்தையும் திறந்து விடுங்க.

ஏசி_பெடியன்:
ஃபேன் பழசு என்டா அதையும் பாருங்க. சாதாரண சீலிங் ஃபேன் 75 வோட்ஸ் எடுக்கும், பத்து மணித்தியாலம் ஓடினா மாசம் 22 யூனிட் கிட்ட, கரண்ட் குறைய எடுக்கிற மோட்டர் வச்ச பீஎல்டிசி ஃபேன் 30 வோட்ஸ் அளவில அதே காத்துத் தரும், 9 யூனிட்தான். ரெண்டு ஃபேன் மாத்தினாலே 180க்குக் கீழ இறங்கச் சான்ஸ் இருக்கு.

திருக்கடலூரான்:
எங்கட வீடு அஸ்பெஸ்டஸ் சீட், அதுக்கும் வெள்ளை அடிக்கலாமா? கம்பி பிரஷால தேய்ச்சுப்போட்டு அடிப்பம் என்டு நினைச்சன்.

மேசன்மகன்:
தேய்க்கவே தேய்க்காதீங்க, அந்தத் தூசு நுரையீரலுக்குள்ள போனா பிறகு வெளிய வராது, புற்றுநோய் வரைக்கும் கொண்டு போகும். பிரஷர் தண்ணியும் வேணாம், துளையும் போடாதீங்க. சீட்டைத் தொடாம கீழால சீலிங் அடிச்சு, அதுக்கு மேல சிசலேஷன் (சூட்டைத் திருப்புற மினுங்குற தாள்) விரியுங்க, மினுங்குற பக்கம் சீட்டைப் பாத்து, நடுவில இடைவெளி விட்டு. ரெண்டு பக்கமும் மினுங்குறது வாங்கினா இன்னும் நல்லம், மேல் பக்கம் தூசு படிஞ்சாலும் கீழ்ப் பக்கம் வேலை செய்யும். சீட் ஏற்கனவே வெடிச்சு உதிருது என்டா முதல்ல ஆளை வச்சு நனைச்சுக் கழட்டி மாத்துறதுதான், எத்தனை வருசப் பழசு அது?